ஆர்ப்ரோத்: முப்பத்தாறு கோலும் ஒரு சிவப்பு விளக்கும்

"கால்பந்தில் 36–0 என்று ஒரு ஸ்கோர் இருக்கிறதாமே, அச்சுப்பிழையா? ஆர்ப்ரோத் என்ற அந்த ஊர் எங்கே இருக்கிறது? அந்தக் கிளப் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அச்சுப்பிழை இல்லை. கிளப்பும் இருக்கிறது, அதே கடலோரத்தில். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் இரண்டு வருடம் படித்த காலத்தில் சனிக்கிழமை கையில் காசிருந்தால் ரயிலேறி ஆர்ப்ரோத்துக்குப் போய்விடுவேன். இருபது நிமிடத்துக்குச் சற்றே கூடும், அவ்வளவுதான். முதல் தடவை அந்த 36–0 ஊரைப் பார்க்கத்தான் போனேன். அடுத்தடுத்துப் போனதற்கு அது காரணம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டது அதைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1885 செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஸ்காட்டிஷ் கோப்பையின் முதல் சுற்று. ஆர்ப்ரோத்துக்கு எதிராக ஆட வந்தது ஆபர்டீனைச் சேர்ந்த பான் அக்கார்ட் என்ற அணி. இவர்கள் உண்மையில் கிரிக்கெட் கிளப், அழைப்பு ஆள்மாறிப் போய்விட்டது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்புவதில்லை. பலவீனமான அணி என்பது மட்டும் நிச்சயம். கோலில் நின்ற ஆண்ட்ரூ லோர்னி வழக்கமாகக் கோல்கீப்பரே கிடையாது, நடுக்களத்தில் (ஹாஃப்பேக்) ஆடுகிறவர். பாவம், அன்றைக்கு அவர் தலையில் விழுந்தது.

இடைவேளையில் 15–0. அதற்குப் பிறகு இன்னும் 21. சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு ஒரு கோல். அந்தக் காலத்தில் கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. ஒவ்வொரு கோலுக்கும் யாராவது பின்னால் ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி வரவேண்டும். அந்த நேரம் மிச்சப்பட்டிருந்தால் ஐம்பதைத் தொட்டிருப்பார்கள் போல. போதாக்குறைக்கு நடுவர் டேவ் ஸ்டோர்மான்ட் சில கோல்களை ஆஃப்சைடு என்று தள்ளியும் விட்டார். ஜான் பெட்ரி என்ற பதினெட்டு வயதுப் பையன் தனியாளாக 13 கோல் அடித்தான். மறுமுனையில் ஆர்ப்ரோத் கோல்கீப்பர் ஜிம் மில்னுக்கு ஒரு வேலையும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்ததால் பார்வையாளர் ஒருவரிடம் குடை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பார்கள். பந்து அவர் பக்கம் வரவே இல்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. அதே நாளில், அதே கோப்பையில், 27 கிலோமீட்டர் தள்ளி டண்டியில் டண்டி ஹார்ப் அணி ஆபர்டீன் ரோவர்ஸை 35–0 என்று உரித்துக்கொண்டிருந்தது. நடுவர் கணக்கில் 37 கோல். ஹார்ப்பின் செயலாளரே "இல்லை, நான் எண்ணியது 35" என்று சொல்ல, நடுவரும் சரி என்று குறைத்துவிட்டார் என்று கதை. நேர்மைக்குக் கிடைத்த பரிசு, வரலாற்றில் இரண்டாம் இடம்.

பெட்ரியின் 13-ஐ 2001-ல்தான் ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்ஸன் எட்டிப்பிடித்தார், அமெரிக்கன் சமோவாவுக்கு எதிரான 31–0 ஆட்டத்தில். 2002-ல் மடகாஸ்கரில் 149–0 என்று ஒரு ஆட்டம் நடந்ததே என்று யாராவது சொல்வார்கள். நடந்தது உண்மைதான். ஆனால் அது நடுவர் மேலிருந்த கோபத்தில் ஓர் அணி தன் கோலிலேயே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டது. அதை ஆட்டக் கணக்கில் சேர்க்க ஆர்ப்ரோத்காரர் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நானும்தான்.

எனக்கு 36–0-ஐ விடப் பிடித்தது அதற்கு முந்தைய சீசனில் நடந்தது. அதே கோப்பையில் கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் இங்கே வந்து 4–3 என்று தோற்றது. தோற்றவர்கள் சும்மா போகவில்லை. டேப்பை எடுத்து மைதானத்தை அளந்தார்கள். அகலம் 50 கெஜம் இருக்கவேண்டிய இடத்தில் 11 அங்குலம் குறைந்தது! கொல்லைப்புறத்தில் தோற்றோம் என்ற பொருளில் ஊருக்குத் தந்தி அடித்துவிட்டுப் புகார் கொடுத்தார்கள். மறு ஆட்டத்துக்கு உத்தரவானது, அதில் ரேஞ்சர்ஸ் 8–1 என்று வென்றது. அந்தப் பதினோரு அங்குலத்தை ஆர்ப்ரோத் இன்னும் மறக்கவில்லை. 1974-ல் ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய் 3–2 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள். அங்கே டேப் தேவைப்படவில்லை.

சரி, ஊருக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை, ஆங்கஸ் வட்டாரம், எதிரே வட கடல். மக்கள்தொகை சுமார் 24,000. பழைய பெயர் அபெர்பிரோத்தோக். 'அபெர்' என்றால் முகத்துவாரம். பிரோத்தோக் என்ற ஓடை கடலில் கலக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர். ஊருக்குள் அந்த ஓடையைத் தேடினால் வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும்.

கிளப் தொடங்கியது 1878-ல். 1880 முதல் கேஃபீல்ட் என்ற இடத்தில்தான் ஆடுகிறார்கள். 1925-ல் மைதானத்தைக் கொஞ்சம் நகர்த்தித் திருத்தி அமைத்தார்களே தவிர, இடம் அதேதான். அந்த இடத்தை நேரில் பார்த்தால்தான் புரியும். ஒரு பக்கத்து மதிலுக்கு அந்தப்புறம் ஒரு சிறு நடைபாதை, அதை ஒட்டிக் கடல். உயர்நீர் வேளையில் மைதானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில மீட்டர்தான். பிரிட்டனில் கடலுக்கு இதைவிட நெருங்கிய தேசிய லீக் மைதானம் வேறு இல்லை. புயல் நாட்களில் அலை மதிலைத் தாண்டி உள்ளே தெறிக்கும்.

நான் பார்த்த முதல் ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் கோல்கிக்கை ஓங்கி அடித்தார். பந்து நன்றாக உயர்ந்தது. உயரத்தில் ஒரு நொடி தயங்கியது. அப்புறம் வந்த வழியே திரும்பி, அடித்தவர் தலைக்கு மேலேயே போய்ப் பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. கார்னர். அவர் இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் சிரிக்கக்கூட இல்லை. கையிலிருந்த போவ்ரிலை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "வெளியூர்ப் பையன்" என்றார். போவ்ரில் என்றால் மாட்டிறைச்சிச் சாறு, வெந்நீரில் கலக்கித் தருவார்கள். குடிக்கக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும், ஆனால் அந்தக் குளிரில் கோப்பையைப் பிடித்திருப்பதே சுகம்.

இடைவேளையில் பார்வையாளர்கள் கூட்டமாக இந்தக் கோலுக்குப் பின்னாலிருந்து அந்தக் கோலுக்குப் பின்னால் நடந்து போவார்கள், தங்கள் அணி எந்தப் பக்கம் அடிக்கப்போகிறதோ அந்தப் பக்கம். பெரிய மைதானங்களில் இதெல்லாம் போலீஸ் விடாது. கேஃபீல்டில் சுமார் 6,600 பேர் இருக்கலாம், பெரும்பாலும் நின்றபடி. 1952-ல் ரேஞ்சர்ஸ் ஆட வந்தபோது மட்டும் 13,510 பேர் திரண்டார்கள். அதுதான் இன்றுவரை சாதனை.

ஆர்ப்ரோத் அணிக்கு 'ரெட் லிக்டீஸ்' என்று பட்டப்பெயர். 'லிக்ட்' என்றால் ஸ்காட்ஸ் மொழியில் விளக்கு. கரைதிரும்பும் மீன்பிடிப் படகுகளுக்கு வழிகாட்டிய சிவப்பு விளக்கிலிருந்து வந்த பெயர். ஊரில் பிறந்த எல்லோருக்குமே இந்தப் பெயர்தான், பந்தைக் காலால் தொடாதவர்களுக்கும். ஆக, கிளப்புக்கென்று தனியாக வைத்த பெயர் இல்லை, ஊரின் பெயரைக் கிளப் எடுத்துக்கொண்டது.

இந்த ஊரில் விளக்கு என்பது சாதாரண விஷயமும் இல்லை. 1178-ல் வில்லியம் என்ற ஸ்காட்லாந்து அரசர் கட்டத் தொடங்கிய மடாலயம் செந்நிற மணற்கல்லில் பாதி இடிந்து நிற்கிறது. அதன் தெற்குச் சுவரின் உச்சியில் பெரிய வட்டச் சன்னல் ஒன்று. ஊர்க்காரர்கள் அதை 'ரவுண்ட் ஓ' என்பார்கள். அந்தக் காலத்தில் இரவில் அதில் விளக்கேற்றிக் கடலோடிகளுக்கு அடையாளம் காட்டினார்களாம். கரையிலிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி, உயர்நீரில் முழுக்க மூழ்கிவிடும் பெல் ராக் என்ற பாறை. எத்தனையோ கப்பல்களைத் தின்றது. 1807-ல் ராபர்ட் ஸ்டீவன்ஸன் அதன் மேல் கலங்கரை விளக்கம் கட்டத் தொடங்கினார். தண்ணீர் வடியும் சில மணிநேரம்தான் வேலை, மறுபடி ஏறுவதற்குள் படகுக்குத் திரும்பிவிட வேண்டும். 1811 பிப்ரவரி 1 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. அதன் கோபுரம் இன்னும் நிற்கிறது. கடல் நடுவே அலையடிபட்டு நிற்கும் கலங்கரை விளக்கங்களில் உலகிலேயே பழமையானது.

கலங்கரை விளக்கக் காவலர்களின் குடும்பங்கள் ஆர்ப்ரோத் துறைமுகத்தருகே சிக்னல் டவர் என்ற கட்டடத்தில் இருந்தன. 1813-ல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்தான். காலையில் பாறையில் ஒரு பந்தை உயர்த்தினால் அங்கே எல்லாம் நலம் என்று பொருள். பந்து ஏறாவிட்டால் படகை அனுப்புவார்கள். காவலரின் மனைவிக்குக் குழந்தை பிறந்தால், ஆண் என்றால் கால்சட்டையையும் பெண் என்றால் பாவாடையையும் சிக்னல் டவரில் ஏற்றிக் காட்டுவார்கள் என்றும் சொல்வார்கள். கடலுக்கு நடுவில் ஒருவன் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பாவாடையா கால்சட்டையா என்று தேடும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

மடாலயத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி. 1320 ஏப்ரல் 6 தேதியிட்டு, ஸ்காட்லாந்து தனி நாடு, இங்கிலாந்து அரசருக்கு அடிமை இல்லை என்று பிரபுக்கள் போப்புக்கு எழுதிய கடிதம் இங்கிருந்துதான் போனது. போப் அப்போது ரோமில் இல்லை, பிரான்ஸின் அவிஞோனில். ஆர்ப்ரோத் பிரகடனம் என்று பள்ளிப் பாடத்தில் வரும். அப்புறம் 1950 கிறிஸ்துமஸ் அன்று நான்கு மாணவர்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் புகுந்து, ஸ்காட்லாந்து அரசர்களின் முடிசூட்டுக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதம் போலீஸ் தேடியது. 1951 ஏப்ரலில் அந்தக் கல் கிடந்தது இந்த மடாலயத்தின் பீடத்தில், மேலே ஸ்காட்லாந்துக் கொடி போர்த்தி.

இந்தப் பெருமையெல்லாம் சுற்றுலாப் பலகையில் இருக்கும். கிளப் இன்னும் இருக்கிறதா என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. எப்படிப் பிழைக்கிறது என்பதும் அதில் அடங்கும். அதுதான் எனக்கு முக்கியமாகவும் படுகிறது.

ஸ்காட்லாந்தில் நான்கு தொழில்முறை லீக்குகள். மேலே பிரீமியர்ஷிப்பில் 12 அணி, அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, தலா 10 அணி. ஆர்ப்ரோத் இந்த ஏணியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும், பெரும்பாலும் கீழ்ப்படிகளில். 1947-ல் ஸ்காட்டிஷ் கோப்பை அரையிறுதி வரை வந்தார்கள். 1962 முதல் 1980 வரை ஆல்பர்ட் ஹெண்டர்ஸன் என்ற ஒரே மேனேஜர். மேலே சொன்ன ஐப்ராக்ஸ் வெற்றி அவர் காலத்தில்தான். இத்தனைக்கும் முதல் லீக் பட்டம் கிடைத்தது 2011-ல், அதுவும் அன்றைய கடைசிப் படியான மூன்றாம் டிவிஷனில். 1878-ல் தொடங்கிய கிளப் 133 வருடம் காத்திருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை தலைமுறை மதில் ஓரத்தில் நின்று போவ்ரில் குடித்திருக்கும்.

2016-ல் டிக் கேம்ப்பெல் மேனேஜராக வந்தார். எப்போதும் தலையில் ஒரு தட்டைத் தொப்பி, பக்கத்தில் உதவியாளராகத் தன் இரட்டைச் சகோதரர் இயன். ஒரே முகம், ஒரே குரல். முதல் முழு சீசனிலேயே லீக் டூ பட்டம், 2019-ல் லீக் ஒன் பட்டம், சாம்பியன்ஷிப்புக்கு ஏற்றம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் பகுதிநேரம். பகலில் வேறு வேலை, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். ரசிகர்களுக்குப் பிடித்த விங்கர் பாபி லின் குப்பை லாரியில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் தொட்டிகளைத் தூக்கிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருவார்.

2021–22 சீசனில் இந்த அணி, முழுநேரச் சம்பளம் வாங்கும் அணிகள் நிறைந்த சாம்பியன்ஷிப்பில், பல வாரம் முதலிடத்தில் இருந்தது. எல்லோரும் இன்று விழும், நாளை விழும் என்று எதிர்பார்த்தார்கள். விழவில்லை. 2022 ஏப்ரல் 22 இரவு கில்மார்னக்கில் பட்டத்துக்கான ஆட்டம். ஆர்ப்ரோத் முதலில் கோல் போட்டது. கில்மார்னக் சமன் செய்தது. 89-ஆவது நிமிடத்தில் பிளேர் ஆல்ஸ்டன் அடித்த கோலில் 2–1. பட்டம் கைநழுவியது. இரண்டாம் இடத்தோடு, மேலே ஏற இன்னொரு வாய்ப்பான ப்ளேஆஃப் போனால், இன்வர்னஸுக்கு எதிராக இரண்டு ஆட்டத்திலும் கோல் இல்லை, பெனால்டியில் தோல்வி. பிரீமியர்ஷிப்பில் ஒரு பகுதிநேர அணி என்ற செய்தி வராமலே போயிற்று. நியாயமாகப் பார்த்தால் அது 36–0-ஐ விடப் பெரிய சாதனை என்பேன். பலவீனமான அணியை அடித்து நொறுக்குவது வேறு. பகல் முழுக்க வேலை பார்த்த களைப்போடு, அதை மட்டுமே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடம் முழுக்க ஈடுகொடுப்பது வேறு.

பிறகு வழக்கம்போல இறக்கம். 2023 நவம்பரில் கேம்ப்பெல் விலகினார், அந்த சீசன் முடிவில் அணி லீக் ஒன்னுக்கு இறங்கியது. அடுத்த வருடமே, 2025-ல், அதை வென்று திரும்ப ஏறிவிட்டார்கள்.

பகுதிநேரம் என்பது அந்த ஊருக்குப் புதிதும் இல்லை. துறைமுகத்தில் 1803 முதல் உயிர்காப்புப் படகு நிலையம் இருக்கிறது. அதில் போகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். மீன்பிடிப்பவர், கடைக்காரர், தச்சர் என்று அவரவர் வேலையில் இருப்பார்கள். அழைப்பு வந்தால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். 1953 அக்டோபர் 27 விடியலில் 'ராபர்ட் லிண்ட்ஸே' என்ற படகு தேடுதலை முடித்துத் துறைமுகத்துக்குத் திரும்பும்போது வாயிலருகே கவிழ்ந்தது. ஏழு பேரில் ஆறு பேர் இறந்தார்கள், வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். அதற்குப் பிறகும் நிலையத்தை மூடவில்லை. புதிய ஆட்கள் வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் காற்றைப் பற்றிப் பேசும்போது அவர்கள் ஏன் அதிகம் சிரிப்பதில்லை என்பது எனக்கு அப்புறம்தான் விளங்கியது.

அந்தத் துறைமுகத் தெருக்களுக்கு 'ஃபிட் ஓ தி டூன்' என்று பெயர், ஊரின் காலடி. அங்கே போனால் புகை வாசனை வழிகாட்டும். ஆர்ப்ரோத் ஸ்மோக்கி அங்கேதான். நம் கருவாட்டை நினைத்துவிடாதீர்கள். ஹாடக் என்ற மீனைத் தலை எடுத்துக் குடல் நீக்கி, உப்பில் போட்டு, வாலோடு வாலாக இரண்டிரண்டாகச் சணலில் கட்டி, குச்சியில் தொங்கவிட்டு, கட்டைத் தீயின் மேல் வைத்து ஈரச் சாக்கால் மூடிவிடுவார்கள். ஒரு மணிநேரத்துக்குள் தீயும் புகையும் சேர்ந்து மீனை வேகவைத்துவிடும். வெளியே செம்புநிறம், உள்ளே வெள்ளை. சுடச்சுடக் காகிதத்தில் வைத்துத் தருவார்கள். கட்டைவிரலால் நடுமுள்ளை நெம்பினால் மொத்தமாகக் கழன்று வரும். முள்ளுக்குப் பயந்து மீன் சாப்பிடாதவர்கூடச் சாப்பிடலாம்.

இதன் பூர்வீகம் ஆர்ப்ரோத் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே சில கிலோமீட்டரில் கடலோரச் செங்குத்துப் பாறையின் மேல் இருக்கும் ஆக்மித்தி என்ற மீனவக் கிராமம். அந்தக் காலத்தில் அங்கே கணவன்மார் கால் நனையாமல் படகேற, பெண்கள் அவர்களை முதுகில் சுமந்து தண்ணீருக்குள் கொண்டுபோய் விடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பங்கள் ஆர்ப்ரோத்துக்குக் குடிபெயர்ந்தன, ஸ்மோக்கியும் கூடவே வந்தது. 2004-ல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆர்ப்ரோத்தைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். பூர்வீகக் கிராமம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறது, நல்லவேளை.

ஊரில் வேறு கிளப்பும் உண்டு. 1882-ல் தொடங்கிய ஆர்ப்ரோத் விக்டோரியா, சுருக்கமாக 'விக்ஸ்', ஓகில்வி பார்க்கில் ஆடுகிறது. அதை 'ஜூனியர்' கிளப் என்பார்கள். பெயரைப் பார்த்துச் சின்னப் பையன்கள் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நாற்பது வயதில் தொப்பையோடு ஒருவர் ஆடினாலும் ஜூனியர்தான். ஸ்காட்லாந்தில் அது வயதை அல்ல, லீக்குகளுக்கு வெளியே தனியாக இருந்த ஒரு நிர்வாகத்தைக் குறிக்கும் சொல்.

ஆங்கஸில் ஆர்ப்ரோத்தைத் தவிர ஃபோர்ஃபர், மான்ட்ரோஸ், பிரீக்கின் என்று இன்னும் மூன்று சிறு ஊர்களுக்குத் தனித்தனி கிளப். நான்கும் நீண்டகாலம் தேசிய லீக்கில் இருந்தன. பிரீக்கின் மட்டும் 2021-ல் கீழே ஹைலேண்ட் லீக்குக்கு விழுந்துவிட்டது. அந்த மைதானத்தின் ஒரு பக்கத்தில் சுவருக்குப் பதில் செடிவேலி. இவ்வளவு குறைந்த ஜனத்தொகைக்கு இத்தனை கிளப் எதற்கு, ஒன்றாகச் சேர்த்துவிடலாமே என்று வெளியூரிலிருந்து யாராவது அவ்வப்போது யோசனை சொல்வார்கள். ஃபோர்ஃபர்காரர் ஒருவரிடம் ஆர்ப்ரோத் சட்டையைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு அந்த யோசனையைச் சொல்லலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். எடின்பரோவிலிருந்து ஆபர்டீன் போகும் ரயில் ஆர்ப்ரோத்தில் நிற்கும். நிலையத்திலிருந்து கேஃபீல்டுக்கு நடந்தே போகலாம். முதலில் துறைமுகத்தில் ஸ்மோக்கி, பிறகு மூன்று மணி ஆட்டம். வெயில் அடித்தாலும் தடிமனான கோட்டு வேண்டும். குடை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அந்தக் காற்றில் ஒரு நிமிடம் தாங்காது. அங்கே குடையால் பயன் கண்டவர் எனக்குத் தெரிந்து ஜிம் மில்ன் ஒருவர்தான்.